பிளேட் ரன்னர்: முதல் தடவை தூக்கம், இரண்டாம் தடவை மயக்கம். ஏன் இப்படி?

சிறந்த அறிவியல் புனைகதைப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் பிளேட் ரன்னர் இருக்கும். அந்தப் பேரை நம்பி ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டுப் படத்தைப் போடுகிறவர்கள் பலர் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள். விடாத மழை, விடாத இருட்டு. ஹீரோ யாரிடம் போனாலும் அடி வாங்கிக்கொண்டு வருகிறார். இதையா இத்தனை வருஷமாகக் கொண்டாடுகிறார்கள் என்ற எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் சில நாள் கழித்து, பஸ்ஸில் போகும்போதோ பாத்திரம் கழுவும்போதோ, அந்த மழையும் அந்த இசையும் தலைக்குள் ஓட ஆரம்பிக்கும். சரி, இன்னொரு தடவை பார்ப்போமே என்று போட்டால், அந்தத் தடவை படம் பிடித்துக்கொள்கிறது.

இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஹீரோவே கதை சொல்லிக்கொண்டு வருவாரே’ என்பார் ஒருவர். ‘அப்படி எதுவும் வரவில்லையே’ என்பார் மற்றவர். ஒருவர் பார்த்த படம் பச்சை மலைகளுக்கு நடுவே கார் பயணத்தில் முடியும், இன்னொருவர் பார்த்தது லிஃப்ட் கதவு மூடுவதோடு முடியும். இருவர் சொல்வதும் சரிதான். இந்தப் படத்துக்கு ஏழு வடிவங்கள் இருக்கின்றன.

தோற்ற படம் பின்னால் பிடித்துப்போவதும், ஒரே படம் ஏழாகப் பிரிந்து கிடப்பதும் வேறு வேறு விஷயங்கள்போலத் தெரியும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பார்வையாளருக்கு எவ்வளவு விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற தகராறு.

அடிப்படை: கதை என்ன, சொற்கள் என்ன

படம் அமெரிக்காவில் வெளியானது 1982 ஜூன் 25 அன்று. இயக்கியவர் ரிட்லி ஸ்காட். 1979-இல் ஏலியன் எடுத்தவர். திரைக்கதை ஹாம்ப்டன் ஃபேன்ச்சர், டேவிட் பீப்பிள்ஸ். மூலக்கதை பிலிப் கே. டிக் 1968-இல் எழுதிய நாவல். டிக் முழுப்படத்தைப் பார்க்கவில்லை. வெளியீட்டுக்கு நான்கு மாதம்கூட இல்லாதபோது, 1982 மார்ச் 2 அன்று இறந்துபோனார்.

கதை நடப்பது 2019 நவம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில். படம் எடுத்தவர்களுக்கு அது தூரத்து எதிர்காலம். நமக்கு அது போன கதை. தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் நான்குதான்.

1. ரெப்ளிகன்ட்: டைரல் என்ற நிறுவனம் உருவாக்கும் செயற்கை மனிதர்கள். இரும்பு ரோபோ கிடையாது, ரத்தமும் சதையும் உள்ளவர்கள். வேற்றுக்கிரகக் குடியேற்றங்களில் அடிமை வேலை செய்வதற்காக உண்டாக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு ஆயுள் நான்கே வருஷம். பூமியில் கால் வைத்தால் மரண தண்டனை.

2. பிளேட் ரன்னர்: தப்பி வந்த ரெப்ளிகன்ட்களைத் தேடிக் கொல்லும் போலீஸ்காரர். இந்தப் பெயருக்குக் கதைக்குள் எந்த அர்த்தமும் கிடையாது. ஆலன் நர்ஸ் 1974-இல் எழுதிய, அறுவைச்சிகிச்சைக் கருவிகளைக் கடத்துகிறவர்களைப் பற்றிய நாவலின் தலைப்பு அது. கேட்க நன்றாக இருக்கிறது என்று உரிமையை வாங்கி இங்கே ஒட்டிவிட்டார்கள். டிக்கின் நாவலில் இந்தச் சொல்லே வராது.

3. ரிட்டயர் செய்வது: ரெப்ளிகன்டைச் சுட்டுக் கொல்வதற்குக் காவல்துறை வைத்திருக்கும் கண்ணியமான பெயர். கொலை என்று சொல்ல மாட்டார்கள். படத்தின் அறச்சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

4. நுவார்: பிரெஞ்சில் கறுப்பு என்று பொருள். 1940-களில் அமெரிக்காவில் வந்த கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் வைத்த பெயர். ஈரத்தெரு, சிகரெட் புகை, ஜன்னல் பட்டிகளின் நிழல் முகத்தில் கோடு கோடாக விழுவது, அலுத்துப்போன துப்பறிவாளன், நம்பலாமா கூடாதா என்று தெரியாத ஒரு பெண். இந்த உடையை எடுத்து எதிர்காலத்துக்கு மாட்டிவிட்டதுதான் பிளேட் ரன்னர்.

கதை எளிது. டெக்கார்ட் (ஹாரிசன் ஃபோர்டு) என்ற பழைய பிளேட் ரன்னரை மறுபடி வேலைக்கு இழுக்கிறார்கள். ராய் பேட்டி (ரட்கர் ஹவர்) தலைமையில் தப்பி வந்த நான்கு ரெப்ளிகன்ட்களை அவர் தீர்க்க வேண்டும். நடுவில் ரேச்சல் (ஷான் யங்) என்ற பெண்ணைச் சந்திக்கிறார். அவளும் ரெப்ளிகன்ட்தான், ஆனால் அது அவளுக்கே தெரியாது. அவளுடைய சின்ன வயசு ஞாபகங்கள் எல்லாம் வேறொருத்தியிடமிருந்து எடுத்துப் பதித்தவை.

1982-இல் ஏன் ஓடவில்லை

சுமார் 2.8 கோடி டாலர் செலவான படம், அமெரிக்கத் தியேட்டர்களில் முதல் ஓட்டத்தில் போட்ட பணத்தைக்கூட எட்டவில்லை. இரண்டு வாரம் முன்னால்தான், ஜூன் 11 அன்று, ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. வந்திருந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் பிராணி குழந்தைகளோடு சிரித்து விளையாடிவிட்டு வீடு திரும்பும் கதை. குடும்பம் குடும்பமாக அழுதுவிட்டு வந்தவர்களிடம் போய், நான்கு வருஷ ஆயுள் போதவில்லை என்று தன்னைப் படைத்தவனின் கண்ணைப் பிதுக்கிக் கொல்லும் கதையைக் காட்டினால் என்ன ஆகும்? ஜான் கார்ப்பென்டரின் தி திங் பிளேட் ரன்னர் வந்த அதே நாளில் வந்தது. அதுவும் இருண்ட படம். அதுவும் படுத்தது. பின்னால் அதுவும் கொண்டாடப்பட்டது.

ஹாரிசன் ஃபோர்டின் முகமும் பாதகமாகவே போனது. ஸ்டார் வார்ஸ், அதன் பிறகு 1981-இல் இண்டியானா ஜோன்ஸ் என்று வரிசையாகச் சாகசம் செய்தவர். போஸ்டரில் அவர் கையில் துப்பாக்கியைப் பார்த்து உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டெக்கார்ட் படம் முழுக்கக் கொல்வது இரண்டே பேரை. இரண்டு பேரும் பெண்கள். ஒருத்தியை, ஓடும்போது முதுகில் சுடுகிறார். லியான் என்ற முரடனிடம் அவர் அடிபட்டுக் கிடக்கும்போது அவனைச் சுடுவது ரேச்சல். பேட்டியைக் கொல்லவே முடியவில்லை. அவன் ஆயுள் முடிந்து தானாகச் சாகிறான், அதுவும் டெக்கார்டின் உயிரைக் காப்பாற்றிவிட்டு. இப்படி ஒரு ஹீரோவை அந்தக் கோடைக்கால ரசிகர்கள் கேட்கவில்லை.

இருட்டு எப்படித் தயாரானது

முதல் தடவை எரிச்சல் தந்த இருட்டும் மழையும்தான் பின்னால் மனசில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் காட்சிகள் கிடையாது. கண்ணில் தெரிவதெல்லாம் ஏதோ ஒரு பொருள்: ஒரு செட், ஒரு மாடல், ஒரு விளக்கு.

தெருக்காட்சிகள் எடுக்கப்பட்டது பர்பாங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவின் பழைய நியூயார்க் தெரு செட்டில். எத்தனையோ படங்களில் வந்து தேய்ந்துபோன தெரு அது. பகலில் கேமராவைத் திருப்பினால் கட்டடங்களுக்குப் பின்னால் மலை தெரிந்துவிடும். இது செட்தான் என்பது தெரியாமல் இருக்க ராத்திரியில் எடுத்தார்கள், புகை போட்டார்கள், மழை பெய்ய வைத்தார்கள். ரசிகர்கள் இன்று உருகும் அந்தச் சூழல், பாதிக்குப் பாதி, குறையை மறைக்கத் தொங்கவிட்ட திரை. நம் சினிமாவில் மழை வந்தால் பாட்டு வரும். இங்கே மழை வந்தது மலையை மறைக்க. ஆனால் அதைக் கதைக்குப் பொருந்த வைத்ததில்தான் ஸ்காட்டின் கெட்டிக்காரத்தனம். சூழல் கெட்டுப்போன பூமி, வசதி உள்ளவன் எல்லாம் வேற்றுக்கிரகம் போய்விட்டான், மிச்சம் இருப்பவர்கள் குடையின் தண்டிலேயே விளக்கு வைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று ஆக்கிவிட்டார்.

அந்தத் தெருவின் தோற்றம் சிட் மீட் என்பவருடையது. முதலில் அவரைக் கூப்பிட்டது வாகனங்களை வரையத்தான். அவர் காரை மட்டும் வரையாமல் கார் நிற்கும் தெரு, தெருவிலுள்ள கட்டடம், கட்டடத்தில் தொங்கும் குழாய் என்று எல்லாவற்றையும் சேர்த்து வரைந்து கொடுத்தார். ஸ்காட்டுக்கு அது பிடித்துப்போய் நகரமே அப்படி ஆயிற்று. இதன் பின்னாலிருந்த கருத்துக்கு ரெட்ரோஃபிட்டிங் என்று பெயர். அதாவது எதிர்கால நகரத்தைப் புதிதாகக் கட்ட மாட்டார்கள். பழைய கட்டடத்தை இடிக்க வழியில்லாமல் அதன் மேலேயே குழாய், வயர், காற்றுப்போக்கி என்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அதுவரை எதிர்காலத்தைக் காட்டிய பல படங்களில் வெள்ளைச் சுவர், பளபளக்கும் தரை. இங்கே எதிர்காலம் அழுக்காக, பழசாக, யாரோ குடியிருந்த இடமாக இருந்தது. 

உண்மையான பழைய கட்டடங்களையும் பயன்படுத்தினார்கள். கடைசிச் சண்டை நடக்கும் வீடு, லாஸ் ஏஞ்சலிஸின் பிராட்பரி கட்டடம், 1893-இல் கட்டியது. பகலில் அலுவலகங்கள் நடக்கும் இடம். ராத்திரியில் குப்பையைக் கொட்டி, தண்ணீர் விட்டுப் படமெடுத்து, விடிவதற்குள் கூட்டித் துடைத்துக் கொடுக்க வேண்டும். போலீஸ் தலைமையகமாக வருவது யூனியன் ரயில் நிலையம்.

அப்புறம் வெளிச்சம். ஒளிப்பதிவாளர் ஜோர்டன் க்ரோனன்வெத். வழக்கமாக முகத்துக்கு முன்னாலிருந்து வெளிச்சம் போட்டு நடிகரைத் தெளிவாகக் காட்டுவார்கள். இவர் பின்னாலிருந்து போட்டார். இதை பேக்லைட் என்பார்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் புகையில் பட்டால், வெளிச்சமே ஒரு தூண்போலக் கண்ணுக்குத் தெரியும். முன்னால் நிற்கும் ஆள் கறுப்பு உருவமாக மாறுவார். டெக்கார்டின் வீட்டுக்குள் ஜன்னல் வழியாக இப்படி ஒளிக்கற்றைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். வெளியே விளம்பர விமானங்கள் விளக்கடித்துக்கொண்டு போகின்றன என்பது அதற்குக் காரணம். ஊரே வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஒரு சங்கடம் அதில் வந்துவிடுகிறது.

ரெப்ளிகன்ட்களின் கண்ணில் சில ஷாட்களில் மட்டும் ஒரு செம்மஞ்சள் மினுக்கம் தெரியும், ராத்திரியில் பூனைக்கண் மினுங்குவதுபோல. இதைப் பின்னால் வரைந்து சேர்க்கவில்லை. லென்சுக்கு முன்னால் பாதி ரசம் பூசிய கண்ணாடியை 45 டிகிரி சாய்வாக வைத்து, பக்கவாட்டிலிருந்து சின்ன வெளிச்சத்தை அதன் மேல் அடித்தார்கள். வெளிச்சம் லென்சின் பாதையிலேயே போய் நடிகரின் விழித்திரையில் பட்டு அதே வழியில் திரும்பி வரும். டைரல் நிறுவனத் தலைவரின் அறையில் இருக்கும் ஆந்தைக்கும் இந்த மினுக்கம் உண்டு. அதுவும் செயற்கை ஆந்தை. ஒரு ஷாட்டில், ரேச்சலுக்குப் பின்னால் ஃபோகஸ் இல்லாமல் நிற்கும் டெக்கார்டின் கண்ணும் மினுங்கும். முதல் தடவையில் யாரும் கவனிப்பதில்லை.

படத்தின் தொடக்கத்தில் வரும் நகரம், டக்ளஸ் டிரம்பல் குழுவினர் செய்த மேசை மாடல். முன்னால் பெரிதாகவும் பின்னால் போகப் போகச் சின்னதாகவும் கட்டடங்களை வைத்து, சில மீட்டர் மேசையைப் பல மைல் நகரமாகத் தெரியவைத்தார்கள். பித்தளைத் தகட்டில் வெட்டிய கட்டடங்கள், ஆப்டிகல் ஃபைபர் நுனிகளால் ஆன ஜன்னல் விளக்குகள். விளக்குக்கு ஒரு தடவை, புகைக்கு ஒரு தடவை, பறக்கும் வண்டிக்கு ஒரு தடவை என்று ஒரே ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றி மறுபடி எக்ஸ்போஸ் செய்தார்கள். நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் காட்சி பொய்யாகத் தெரியாததற்குக் காரணம், அங்கே உண்மையான காற்றில் உண்மையான புகை இருந்தது.

இதன் மேல் வாங்கெலிஸின் இசை. லண்டனில் தன் ஸ்டூடியோவில் படத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே வாசித்தார். பெரும்பங்கு யமஹா சிஎஸ்-80 என்ற சிந்தசைசர். அந்தக் கருவியில் விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஸ்வரத்தை நெளிக்கலாம், அதனால்தான் மின்னிசை அங்கே மூச்சு விடுவதுபோலக் கேட்கிறது. 1982-இல் வெளியான இசைத்தட்டு வேறொரு ஆர்கெஸ்ட்ரா திரும்ப வாசித்தது. வாங்கெலிஸின் சொந்தப் பதிவு முழு ஆல்பமாக அதிகாரபூர்வமாக வர 1994 ஆயிற்று. அதுவரை அந்த இசை முழுதாக வேண்டும் என்றால் படத்தைத்தான் திரும்பப் போட வேண்டும். இதுவும் ரசிகர்களை வளர்த்திருக்கும்.

அந்தக் குரல்

படம் பட்ஜெட்டைத் தாண்டியது. உத்தரவாதம் கொடுத்திருந்த டாண்டம் புரொடக்‌ஷன்ஸுக்கு, ஒப்பந்தப்படி, படத்தின் மேல் அதிகாரம் வந்தது. 1982 மார்ச்சில் டென்வரிலும் டாலஸிலும் முன்னோட்டமாகத் திரையிட்டுப் பார்த்தார்கள். வந்தவர்களுக்குப் படம் புரியவில்லை, முடிவு பிடிக்கவில்லை. உடனே இரண்டு சிகிச்சைகள்:

1. வாய்ஸ் ஓவர். டெக்கார்டின் குரல் படம் நெடுக வந்து, யார் யார், என்ன ஏது என்று சொல்லும்.

2. சந்தோஷ முடிவு. டெக்கார்டும் ரேச்சலும் ஊரைவிட்டுக் காரில் போகிறார்கள், வெயில், மலை, காடு. ரேச்சலுக்கு நான்கு வருஷக் கெடு கிடையாது என்று குரல் சொல்லிவிடும். இதற்கு வேண்டிய மலைக்காட்சிகள் கைவசம் இல்லை. ஸ்டான்லி குப்ரிக் தன் தி ஷைனிங் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்த துண்டுகளை வாங்கி ஒட்டினார்கள். 

எல்லாப் பழியையும் பணம் போட்டவர்கள் தலையில் கட்டுவது வழக்கம். விஷயம் அவ்வளவு நேரானதில்லை. நுவார் படங்களின் வழக்கப்படி ஆரம்பகாலத் திரைக்கதையிலேயே கதைசொல்லும் குரல் இருந்தது. குப்ரிக்கிடம் ஃபிலிம் கேட்டதும் ஸ்காட்தான். பிடிக்காமலேயே குரல் கொடுத்த ஹாரிசன் ஃபோர்டு, படத்தைக் கெடுக்கவே மோசமாகப் பேசினார் என்று ஒரு வதந்தி உண்டு. அவர் அதை மறுத்துவிட்டார்.

இந்தக் குரல் என்ன கெடுத்தது என்பதைக் கிளைமாக்ஸில் பார்க்கலாம். மழையில், மொட்டை மாடியில், பேட்டி உட்கார்ந்திருக்கிறான். தான் விண்வெளியில் பார்த்தவற்றைச் சொல்கிறான், அவையெல்லாம் மழையில் விழுந்த கண்ணீர்போலக் கரைந்துவிடும் என்கிறான், தலை கவிழ்கிறது, கையிலிருந்த புறா பறக்கிறது. எழுதிக் கொடுத்த நீண்ட வசனத்தை முந்தின ராத்திரி வெட்டிச் சுருக்கி, அந்தக் கண்ணீர் வரியைத் தானே சேர்த்தவர் நடிகர் ரட்கர் ஹவர். அதற்குப் பிறகு டெக்கார்டின் முகம். ஃபோர்டு ஒன்றும் செய்வதில்லை, கண்ணை மூடித் திறக்கிறார், அவ்வளவுதான். 1982 வடிவத்தில் அந்த இடத்தில் குரல் நுழைந்து, இவன் ஏன் என்னைக் காப்பாற்றினான் தெரியவில்லை, சாகும்போது உயிர் மேல் ஆசை கூடிவிட்டதோ என்னவோ என்று பொழிப்புரை சொல்லும். சாவு வீட்டில் மௌனமாக உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வந்து ‘நல்ல மனுஷன்’ என்று பேச ஆரம்பிப்பவரைப்போல. 

ஏழு வடிவங்கள்

1. ஒர்க் பிரிண்ட், 1982: டென்வர், டாலஸில் காட்டியது. முழுதாக மெருகேற்றாதது. குரல் ஏறக்குறைய இல்லை.

2. சான் டியேகோ முன்னோட்டம், 1982: ஒரே தடவை திரையிடப்பட்டது.

3. அமெரிக்கத் தியேட்டர் வடிவம், 1982: குரலும் சந்தோஷ முடிவும் உண்டு.

4. வெளிநாட்டு வடிவம், 1982: மேற்சொன்னதோடு கொஞ்சம் கூடுதல் ரத்தம்.

5. அமெரிக்கத் தொலைக்காட்சி வடிவம், 1986: டிவிக்காக வெட்டியது.

6. டைரக்டர்ஸ் கட், 1992: குரலும் சந்தோஷ முடிவும் போய், ஒரு கனவு வந்தது.

7. ஃபைனல் கட், 2007: ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் வந்த ஒரே வடிவம்.

இவற்றில் திருப்பம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நடந்தது. 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தியேட்டர் பழைய படங்களைத் திரையிட்டபோது, வழக்கமான பிரதி என்று நினைத்து வந்த பெட்டியில் ஒர்க் பிரிண்ட் இருந்தது. குரல் எப்போது வரும் என்று காத்திருந்த ரசிகர்களுக்கு அது ஏறக்குறைய வரவே இல்லை. செய்தி பரவி, 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் அதே பிரதியை ஓட்டியபோது கூட்டம் வந்தது. இதுதான் இயக்குநரின் வடிவம் என்று விளம்பரமும் ஆனது. ஸ்காட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதன் விளைவாக, அவருடைய குறிப்புகளை வைத்து அவசர அவசரமாகத் தயாரானது 1992 வடிவம்.

ஒற்றைக்கொம்புக் குதிரை கணக்கு

1992-இல் சேர்ந்தது சில விநாடிக் காட்சிதான். டெக்கார்ட் பியானோ முன்னால் சொக்கி உட்கார்ந்திருக்கும்போது காட்டுக்குள் ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று ஓடி வருவதாக ஒரு கனவு. ஸ்காட்டின் 1985 படமான லெஜண்டில் இப்படிக் குதிரைகள் வருவதால், அதிலிருந்து வெட்டி எடுத்தது என்று சிலர் சொல்வார்கள். தவறு. இந்தப் படத்துக்காகவே எடுத்து, சேர்க்க விடாமல் ஒதுக்கப்பட்ட காட்சி அது. இது படத்தின் பொருளையே மாற்றுவது எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. டெக்கார்டோடு திரியும் காஃப் என்ற போலீஸ்காரருக்குக் கிடைத்த காகிதத்தில் உருவம் மடித்துப் போடும் பழக்கம்.

2. படத்தின் கடைசியில் டெக்கார்டின் வாசலில் காகிதத்தில் மடித்த ஒற்றைக்கொம்புக் குதிரை கிடக்கும். எல்லா முக்கிய வடிவங்களிலும் இது உண்டு.

3. கனவு இல்லாத வடிவத்தில் இதற்கு ஒரே பொருள்: காஃப் வந்திருக்கிறார், ரேச்சலைக் கொல்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

4. கனவு இருக்கும் வடிவத்தில் கேள்வி மாறுகிறது. டெக்கார்ட் யாரிடமும் சொல்லாத கனவு காஃபுக்கு எப்படித் தெரிந்தது?

5. ரேச்சலின் ஞாபகங்கள் டெக்கார்டுக்குத் தெரிந்தது எப்படி? அவை பதிக்கப்பட்டவை, கோப்பில் இருந்தன. அப்படியென்றால் டெக்கார்டின் கனவும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது.

ஆக, வேட்டையாடுகிறவனே ரெப்ளிகன்ட் என்றாகிறது. ஸ்காட் ஆமாம் என்கிறார். ஃபோர்டு, பார்வையாளர்கள் பற்றிக்கொள்ள ஒரு மனிதனாவது வேண்டும் என்று வெகுகாலம் வாதாடினார். என் கட்சி ஃபோர்டின் கட்சிதான்: அடிமையைக் கொல்லும் வேலையை ஒரு மனிதன் செய்து, சாகப்போகும் அடிமை அவனுக்கு இரக்கம் காட்டுவதில்தான் கிளைமாக்ஸின் கனம் இருக்கிறது. இரண்டு பேரும் ரெப்ளிகன்ட் என்றால் அது உள்வீட்டுச் சண்டையாகிவிடும். ஆனால் கனவு இருக்கட்டும். முடிவு சொல்லாமல் சந்தேகத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவது இந்தப் படத்துக்குப் பொருந்துகிறது.

இரண்டாம் தடவை என்ன மாறுகிறது

முதல் தடவை நாம் கதையைத் தேடுகிறோம். அடுத்து என்ன என்று காத்திருக்கிறோம். இந்தப் படம் அதற்குப் பதில் தராது. டெக்கார்ட் துப்பறிவதே குறைவு. இரண்டாம் தடவை கதை தெரியும் என்பதால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது, அது ஃபிரேமின் ஓரங்களில் உலாவ ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு அந்தப் புகைப்படக் காட்சி. டெக்கார்ட் ஒரு போட்டோவை மெஷினில் செருகி, குரலால் கட்டளையிட்டுப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார். அறை, அறையின் மூலையில் குண்டுக் கண்ணாடி, கண்ணாடிக்குள் இன்னொரு அறை, அங்கே படுத்திருக்கும் ஒரு பெண். சில நிமிஷங்கள், வேறு எதுவும் நடக்காமல், ஒரு மனிதர் ஒரு படத்தை உற்றுப் பார்க்கிறார். முதல் தடவை இது இழுவை. இரண்டாம் தடவை, இந்தப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று படமே சொல்லிக்கொடுக்கிறது என்பது பிடிபடும்.

1982-இல் தியேட்டரில் ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இந்த வாய்ப்பே இல்லை. அடுத்த சில வருஷங்களில் வீடுகளில் விஹெச்எஸ் வீடியோ கேசட் பரவியது. நிறுத்தலாம், பின்னுக்குப் போகலாம், நள்ளிரவில் தனியாகப் பார்க்கலாம். தியேட்டர் கூட்டத்துக்குச் செத்த படம், வாடகை கேசட்டில் உயிர் பிழைத்தது. ஊர் சொல்லிக் கொண்டாடிய படம் என்றால் எதிர்பார்ப்பும் சேர்ந்து வரும். தோற்ற படம் என்றால் அது இல்லை. அலமாரியில் தானே தேடி எடுத்தது என்ற சொந்தம் வேறு.

பின்விளைவுகள்

மழையில் நனையும் நியான் விளக்குகள், ராட்சத விளம்பரத் திரைகள், ஆசிய உணவுக் கடைகள், மேலே பணக்காரன் கீழே ஏழை என்ற எதிர்கால நகரம் இன்று சினிமா, அனிமே, வீடியோ கேம் எங்கும் தேய்ந்த வழக்கமாகிவிட்டது. சைபர்பங்க் என்ற இந்த வகையைப் பிரபலமாக்கிய நியூரோமான்ஸர் நாவல் 1984-இல் வந்தது. அதை எழுதிக்கொண்டிருந்த வில்லியம் கிப்சன் பிளேட் ரன்னரைப் பார்க்கப் போய், தன் மண்டைக்குள் இருந்த நகரம் ஏற்கெனவே திரையில் ஓடுவதைப் பார்த்து, பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார்.

இன்று புதிதாகப் பார்ப்பவருக்கு இதனாலேயே ஒரு சிக்கல்: நகல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூலம் நகல்போலத் தெரியும். முதல் தடவை ஏமாற்றத்துக்கு இதுவும் காரணம்.

1993-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்க்கப்பட்டது. 2017-இல் டெனி வில்நவ் இயக்கிய தொடர்ச்சி, பிளேட் ரன்னர் 2049, ஒளிப்பதிவுக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் ஆஸ்கர் வாங்கியது. வசூல் எதிர்பார்த்த அளவு வரவில்லை. அம்மாவைப்போலவே மகள்.

எதைப் பார்ப்பது

ஃபைனல் கட். வேறு யோசனையே வேண்டாம். குரலின் மேல் ஆர்வம் இருந்தால் அதன் பிறகு 1982 வடிவத்தைப் பார்க்கலாம். முதலில் அதைப் பார்த்தால் அந்த விளக்கம் காதில் ஒட்டிக்கொண்டு, மௌனம் வரும் இடத்திலெல்லாம் தானாக ஒலிக்கும்.

2007-இல் ஸ்காட் கதையில் கை வைத்ததைவிடக் கறை துடைத்ததுதான் அதிகம். தப்பி வந்த ரெப்ளிகன்ட்கள் ஆறு பேர், ஒருவர் செத்தார் என்று 1982-இல் சொல்லிவிட்டு நான்கு பேரை மட்டும் காட்டினார்கள். ஐந்தாவது ஆள் யார் என்று ரசிகர்கள் கால் நூற்றாண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். வசனத்தில் இரண்டு பேர் செத்ததாக மாற்றினார்கள், முடிந்தது. டெக்கார்ட் முதுகில் சுடும் ஸோரா என்ற ரெப்ளிகன்ட் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடிச் சாகும் காட்சியில் டூப்பின் விக் அப்பட்டமாகத் தெரியும். நடிகை ஜோஆனா காசிடியை 25 வருஷம் கழித்துக் கூப்பிட்டு, தலையை அதே மாதிரி அசைக்கச் சொல்லிப் படமெடுத்து, டூப்பின் உடம்பில் அவர் முகத்தைப் பொருத்தினார்கள்.

அப்புறம் அந்தப் புறா. படப்பிடிப்பில் நிஜப் புறா செயற்கை மழையில் தொப்பலாக நனைந்துவிட்டது. ஹவர் கையை விட்டதும் பறக்காமல் கீழே இறங்கி நடந்து போனது. வேறொரு நாள், வேறொரு இடத்தில், வேறொரு புறாவைப் பறக்கவிட்டு எடுத்து ஒட்டினார்கள். அது பகல். இரவு மழையில் செத்தவன் கையிலிருந்து கிளம்பிய புறா வெளுத்த நீல வானத்தில் பறந்தது. ஃபைனல் கட்டில்தான் அதற்கு ராத்திரி வானம் கிடைத்தது, மழையோடு.